பதிவுகளைப் புலவாரியாக வரிசைப்படுத்துதல்

பதிவுகளைப் புலவாரியாக வரிசைப்படுத்துதல் என்பது, பல புலங்களைக் கொண்ட பதிவுகளின் பட்டியலை அவற்றுள் ஒரு புலத்தின் மதிப்பைக் கொண்டு ஒழுங்குபடுத்துவதாகும். தென்காசி மாவட்ட ஊர்ப் பட்டியல் ஒன்றில் ஒவ்வொரு பதிவிலும் பெயர், வட்டம், அஞ்சல் குறியீடு ஆகிய புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். செயல்சார் நிரலாக்கத்தில், பதிவை வாங்கி அதன் பெயரைத் தரும் சார்பை வரிசையாக்கச் சார்பிடம் கொடுத்தால் போதும். இதைத் திறவுச் சார்பு எனலாம்.

ஹாஸ்கெல் மொழியின் சார்ட்ஆன் ஒவ்வொரு பதிவுக்கும் திறவை ஒருமுறை மட்டும் கணக்கிட்டுப் புதிய பட்டியலைத் தருகிறது, பழையது மாறுவதில்லை. சம மதிப்புள்ள பதிவுகளின் முந்தைய வரிசையும் கலைவதில்லை. ஆகவே முதலில் பெயராலும் பிறகு வட்டத்தாலும் வரிசைப்படுத்தினால், ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஊர்கள் பெயர் வரிசையிலேயே நிற்கும்.

தமிழ்ப் பெயர்களில் நேரும் பிழை

மாவட்டத்தின் 8 வட்டங்களின் பெயர்கள் ஆலங்குளம் முதல் வீரகேரளம்புதூர் வரை சரியாகவே வரும். சோதனையை அத்துடன் நிறுத்துபவர் ஏமாறுவார். மற்ற ஊர்களையும் சேர்த்தால் ஆவுடையானூருக்கு முன்னால் ஆழ்வார்குறிச்சி வந்து நிற்கும். ஒருங்குறியில் ழகரத்தின் எண் 2996, வகரத்தின் எண் 2997. தமிழ் நெடுங்கணக்கிலோ வகரமே முந்தியது. கணினி எண்ணைத்தான் பார்க்கிறது.

புள்ளியாலும் சிக்கல் உண்டு. அகராதியில் குற்றாலம், குறவஞ்சி, குறும்பலா என்பதே வரிசை. ஒருங்குறியில் புள்ளியின் எண் 3021; அது ஆகாரம் முதல் ஔகாரம் வரையிலான உயிர்க்குறிகள் அனைத்துக்கும் பின்னால் இருப்பதால் குற்றாலம் கடைசிக்குப் போய்விடுகிறது. குற்றாலக் குறவஞ்சிக்குச் சொல்லடைவு தயாரிப்பவருக்கு இது சின்னப் பிழை அல்ல. அகர வரிசையை நம்பி இருமத் தேடல் நடத்தினால், பட்டியலில் இருக்கும் சொல்லையே இல்லை என்று நிரல் சொல்லிவிடக்கூடும்.

திருத்தம்

வரிசையாக்கச் சார்பைத் தொட வேண்டியதில்லை; திறவுச் சார்பை மாற்றினால் போதும். ஒவ்வொரு எழுத்தையும் மெய்யின் வரிசை எண், உயிரின் வரிசை எண் என்ற இணையாக மாற்ற வேண்டும். தனி உயிருக்கு மெய்யெண் 0; புள்ளி பெற்ற மெய்க்கு உயிரெண் 0. இதன்படி ‘ஆவு’ (0,2), (14,5) என்றும், ‘ஆழ்’ (0,2), (15,0) என்றும் ஆகும். 14 சிறியது என்பதால் ஆவுடையானூர் முன்னே வரும். ஆய்தத்துக்கு உயிர்களை அடுத்து (0,13) தரலாம். ஜ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு 19 முதல் எண் கொடுப்பது வசதி.

தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியுடன் ஏற்றுக்கொண்ட டேஸ்16 குறியீட்டில் எழுத்துகள் அகர வரிசையிலேயே அமைந்துள்ளன. ஆனால் இணையத்தில் புழங்குவது ஒருங்குறியே என்பதால், திறவுச் சார்பை எழுதும் வேலை நிரலருக்கு மிஞ்சுகிறது.