எந்த மருந்துக்குக் கேட்கும் காசநோய்க் கிருமி?

இரும்புலியூர், பெருங்களத்தூர் பக்கம் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காவிட்டால், ‘சானடோரியத்துல ஒரு தடவை காட்டிடுங்க’ என்பார்கள். 1928-ல் டாக்டர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய காசநோய் விடுதி அது. 1937-ல் அரசு ஏற்றது. இன்று அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

தொடங்கிய காலத்தில் நல்ல காற்று, சத்தான சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம். 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. அதை மட்டும் கொடுத்துப் பார்த்தபோது, சில மாதங்களிலேயே பலரிடம் கிருமி அந்த மருந்துக்கு அடங்க மறுத்தது. அதனால்தான் இன்று பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அவற்றில் எது வேலை செய்யும், எது செய்யாது என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்.

எப்படிச் சோதிக்கிறார்கள்?

சளியில் உள்ள கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் கருவி, சுமார் இரண்டு மணி நேரத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தரும்: இது காசநோயா? முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கேட்குமா?

மற்ற மருந்துகளைச் சோதிக்க ஒரு வழி, கல்ச்சர். முட்டை சேர்த்த பச்சை நிற ஊடகம் சிறு புட்டிகளில் சாய்வாக உறைந்திருக்கும். ஒரு புட்டியில் மருந்து இருக்காது. மற்ற ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து இருக்கும். எல்லாவற்றிலும் கிருமியை இட்டு 37 டிகிரி சூட்டில் வைப்பார்கள். சில வாரங்களில் மருந்தில்லாத புட்டியில் சொரசொரப்பான, மங்கிய மஞ்சள் திட்டுகள் முளைக்கும். மருந்துள்ள புட்டியில் அதில் நூற்றில் ஒரு பங்கு முளைத்தாலே அந்த மருந்து உதவாது என்று முடிவு. மற்ற கிருமிகள் செத்த பிறகு, தப்பிய அந்தச் சிலவே பெருகி நோயாளியை மறுபடி சாய்க்கும்.

ஏன் இத்தனை வாரங்கள்? சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான இ.கோலை, நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். திரவ ஊடகம் இந்தக் காத்திருப்பை ஓரளவு குறைத்திருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது

எச்சிலைத் துப்பிக் கொடுக்காமல், ஆழமாக இருமி நெஞ்சுச் சளியைக் கொடுங்கள். இருமலுக்கு மருந்துக்கடையில் கேட்டு லிவோஃபிளாக்சசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடாதீர்கள். அவை காசநோயைத் தற்காலிகமாக அமுக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போடும். பிறகு காசநோய்க்கே தேவைப்படும்போது அந்த மருந்து பயன்படாமல் போகலாம். அரசு மருத்துவமனைகளில் காசநோய்ப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். ‘எந்த மருந்துக்குக் கேட்கும் என்று பார்த்தாயிற்றா?’ என்று மருத்துவரிடம் கேளுங்கள். அது நோயாளியின் உரிமை.