ஸ்வரங்கள் அச்சேறிய காலம்

இசைத்தட்டு என்பதே தோன்றியிராத காலத்தில், ஐரோப்பாவில் ஒரு புதிய பியானோ உருப்படியைக் கேட்க விரும்பியவர், கச்சேரிக்குச் செல்ல இயலாதவராயின், அதன் அச்சுப் பிரதியை விலைக்கு வாங்கித் தம் வீட்டுப் பியானோவில் தாமே வாசித்துத்தான் அறிய வேண்டியிருந்தது. ஆகவே 19ஆம் நூற்றாண்டில் பியானோ புகுந்த இல்லங்கள் பெருகப் பெருக, இசைத்தாள் விற்பனையும் ஒரு பெரும் வியாபாரமாக வளர்ந்தது. மென்மையான உலோகத் தகட்டில் ஸ்வரக் குறிகளை இடம்வலம் மாற்றி ஒவ்வொன்றாக அடித்துப் பதிக்கும் கைவினைஞர்கள் அவ்வியாபாரத்தின் உயிர்நாடியாக விளங்கினர். பதிப்பாளர் பெரும்பாலும் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து உரிமையைப் பெற்றுக்கொள்வார். பிறகு எத்தனை பிரதிகள் விற்றாலும் இயற்றியவருக்கு அதில் பாத்தியதை இல்லை.

ஒரு நாட்டில் பெற்ற உரிமை மற்றொரு நாட்டில் செல்லாதிருந்தமையால், பியானோ இசையமைப்பாளர் சோப்பின் தம் படைப்புகளைப் பாரிஸ், லைப்சிக், லண்டன் ஆகிய மூன்று நகரங்களிலும் தனித்தனிப் பதிப்பாளர்களுக்கு விற்றார். மூன்று பதிப்புகளும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளிவராவிடில், முந்தி வந்ததைப் பார்த்துப் பிறர் திருட்டுப் பதிப்பு வெளியிட்டுவிடுவர். 1838-39 குளிர்காலத்தை மயோர்க்கா தீவில் கழித்த அவர், பிரிலூடு எனப்படும் சிறு பியானோ உருப்படிகள் 24-ஐ அங்கே நிறைவுசெய்து பாரிஸுக்கு அனுப்பினார். அவற்றை 2,000 பிராங்குக்கு வாங்கியவர் பியானோ உற்பத்தியாளரான கமீல் பிளேயல்.

நம் சங்கீதமோ குருவின் வாய்மொழியாகவே சிஷ்யனை அடைந்து வந்தது. அதற்கு அச்சுப் பிரதி வேண்டும் என்று கேட்பவர் மிகச் சிலரே. அந்நிலையில், சென்னை அரசாங்கச் செயலகத்தில் உத்தியோகம் பார்த்த ஏ. எம். சின்னசாமி முதலியார், நமது கீர்த்தனங்களை ஐரோப்பிய ஸ்வரக் குறியீட்டில் எழுதி, புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்தின் வாயிலாக 1892 முதல் பகுதி பகுதியாக வெளியிட முற்பட்டார். தியாகராஜ சுவாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசாமி பாகவதரிடம் உருப்படிகளைக் கேட்டு எழுதினார். முத்துசுவாமி தீட்சிதர் வம்சத்தவரும் எட்டயபுரம் சமஸ்தான வித்வானுமான சுப்பராம தீட்சிதரையும் நாடினார். சந்தாதாரர் போதுமான அளவு சேராத இக்காரியத்திற்குக் கைப்பொருளையே செலவிட்ட அவருக்கு, கண்பார்வையும் குன்றியது. மேனாட்டுப் பதிப்பாளர்களில் எவரைக் காட்டிலும் இவரையே நான் பெரிதும் வணங்குவேன். ஏனெனில் அவர்களுக்கு முன்னே சந்தை இருந்தது, இவருக்கோ ஆர்வம் ஒன்றே மூலதனம்.

தம்மால் இயலாது போனதைப் பிறர் கையால் முடிக்க எண்ணிய முதலியார், 1899-இல் எட்டயபுரம் மன்னரின் பட்டாபிஷேகத்திற்குச் சென்று, சுப்பராம தீட்சிதர் வசமுள்ள சங்கீதச் செல்வம் முழுவதையும் அச்சிடுவிக்க வேண்டுமென்று விண்ணப்பித்துக்கொண்டார். மன்னரும் இசைந்தார். கமகங்களுக்கெனத் தனிக் குறியீடுகளுடன், தெலுங்கு லிபியில், எட்டயபுரம் வித்யா விலாஸினி அச்சுக்கூடத்திலிருந்து 1904-இல் வெளிவந்தது சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளைப் பாடுவோர் இன்றும் பாடபேதம் நேருமிடத்தில் அந்நூலையே பிரமாணமாகக் கொள்கின்றனர். சென்னை மியூசிக் அகாடமி 1961 முதல் அதனைத் தமிழ் லிபியில் தொகுதிகளாக வெளியிட்டமையால், தெலுங்கு எழுத்தறியாத நம் மாணவர்களும் அதனை நேரடியாகக் கற்கும் வாய்ப்பைப் பெற்றனர்.