கமடோர் 64-க்கு உதிரிபாகம் தேடுகிறவர்கள்

கமடோர் 64 அமெரிக்காவில் 1982-ல் 595 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. விசைப்பலகைப் பெட்டிக்குள்ளேயே முழுக் கணினியும் அடங்கியிருக்கும். டிவியோடு இணைத்தால் போதும். தயாரித்த கமடோர் நிறுவனம் 1994-ல் திவாலானது. ஆனாலும் அந்தக் கணினிகளைப் பழுதுபார்த்து இன்றும் ஓட்டுகிறவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். நிறுவனமே இல்லாதபோது உதிரிபாகத்துக்கு என்ன செய்கிறார்கள்?

பழைய கமடோர் ஒன்று கிடைத்தால், ஆர்வத்தில் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள். முதலில் தேட வேண்டியது ஐசி அல்ல, புதிய பவர் சப்ளை. அந்தக் காலத்துப் பவர் சப்ளைகளில் பெரும்பாலானவற்றுக்குள் எபாக்சி பிசினை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு எளிதில் வெளியேறாது. திறந்து பழுதுபார்ப்பதும் பெரும்பாடு. பவர் சப்ளை கணினிக்கு 9 வோல்ட் ஏசியும் 5 வோல்ட் டிசியும் கொடுக்கிறது. உள்ளிருக்கும் ரெகுலேட்டர் கெட்டால் மின்சாரம் நின்றுபோகும் என்றுதானே நினைப்போம்? பல நேரம் நடப்பது நேர்மாறு: 5 வோல்ட் மெல்ல மெல்ல ஏறும். மல்டிமீட்டர் 5.25-ஐத் தாண்டிக் காட்டினால் அந்தப் பவர் சப்ளையை ஒதுக்கிவிடுங்கள். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே மெமரி ஐசிகளைப் பலி வாங்கிவிடும்.

மெமரி போனாலும் கவலையில்லை. பெரும்பாலான போர்டுகளில் 4164 என்ற ஐசி எட்டு இருக்கும். அதைப் பல நிறுவனங்கள் தயாரித்தன. வேறு பழைய போர்டுகளிலிருந்தும் கழற்றிக்கொள்ளலாம். எது கெட்டது என்று அறிய, கணினி ஓடும்போது ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்ப்பார்கள். மற்றவற்றைவிட அதிகமாகச் சுடுவதன்மேல்தான் முதல் சந்தேகம்.

மோஸ் டெக்னாலஜி என்ற துணை நிறுவனத்தில் கமடோர் தனக்கென்றே செய்துகொண்ட ஐசிகள்தான் பெரிய சிக்கல். அவற்றை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பிஎல்ஏ என்ற ஐசியைப் பாருங்கள். பிராசசர் ஒரு முகவரியைக் கேட்டால் அதற்கு ரேம் பதில் சொல்வதா, ரோம் பதில் சொல்வதா என்று தீர்மானிப்பது அது. அது கெட்டால் பெரும்பாலும் திரை வெறுமையாகவே நிற்கும். நல்லவேளை, எந்த உள்ளீட்டுக்கு எந்த வெளியீடு என்ற கணக்கு முழுதும் தெரிந்ததுதான். அதை நவீன ஐசி ஒன்றில் பதித்து, விரல்நீளப் போர்டில் பொருத்தி, பழைய 28 பின் சாக்கெட்டிலேயே செருகிவிடுகிறார்கள்.

பாப் யானஸ் வடிவமைத்த சிட் 6581 என்ற ஒலி ஐசி அப்படி எளிதில் மசியாது. மூன்று குரல்களில் இசைக்கும் அதனுள் அனலாக் ஃபில்டர் ஒன்று இருக்கிறது. உற்பத்தியிலேயே ஏற்ற இறக்கம் இருந்ததால் ஒரே பாட்டு இரண்டு கணினிகளில் சற்று வேறுபட்டு ஒலிக்கும். மைக்ரோகன்ட்ரோலரை வைத்துச் செய்த ஆர்ம்சிட் போன்ற மாற்றுகள் விளையாட்டுக்குத் தாராளமாகப் போதும். அந்த ஃபில்டரின் கரகரப்பில் மயங்கியவர்கள் அசலைத்தான் தேடுவார்கள். கிராக்கி ஏறியதால் போலிகளும் வந்துவிட்டன: வேறு ஐசியின் எழுத்தைச் சுரண்டிவிட்டு 6581 என்று அச்சடித்து விற்கிறார்கள். அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தாலே சிலவற்றில் எழுத்து அழிந்துவிடும். கணினியில் பொருத்தி ஒலியைக் கேட்ட பிறகே பணம் கொடுப்பது நல்லது.

இந்த ஒரு ஐசிக்காக, ஓடுகிற கமடோரைப் பிரித்து விற்பவர்களும் உண்டு. எனக்கு அது பொறுக்கவில்லை. போர்டு உடைந்தோ துருவேறியோ மீட்க முடியாமல் போன கணினியிலிருந்து கழற்றிய ஐசியைக் கேட்டு வாங்குங்கள்.