காது முதலில், நோட்டு பிறகு

தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம், முடிச்சூர் என்று சென்னையின் தென்புறத்தில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகளில் ‘ரைமிங் வேர்ட்ஸ்’ என்றொரு பக்கம் பெரும்பாலும் இருக்கும். மேலே ‘கேட்’, கீழே ‘பேட்’, ‘மேட்’, ‘ரேட்’. எழுத்துகள் நாலு கோட்டுக்குள் ஒழுங்காக நின்றால் ஸ்டார் கிடைக்கும். ஆனால், எழுதிய குழந்தையின் காதில் அந்தச் சொற்கள் ஒன்றுபோல் ஒலித்தனவா என்பதை அந்தப் பக்கம் காட்டாது. ஒத்த ஒலியைக் கண்டுபிடிப்பது காதின் வேலை. அதைக் கையெழுத்துப் பயிற்சியாக மாற்றிவிட்டதால், வாசிக்கக் கற்பதற்கு உதவும் நல்ல கருவி ஒன்றை வீணடிக்கிறோம்.

இதற்கு வலுவான சான்று உண்டு. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த லினெட் பிராட்லியும் பீட்டர் பிரயன்ட்டும் தங்கள் ஆய்வை 1983-ல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். இன்னும் வாசிக்கத் தொடங்காத, நான்கைந்து வயதுள்ள சுமார் 400 குழந்தைகளிடம் சில சொற்களைச் சொல்லி, ஒலியில் சேராதது எது என்று கேட்டார்கள். அதைச் சரியாகப் பிரித்தறிந்த பிள்ளைகளே பின்னர் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டுவதிலும் முன்னே நின்றார்கள். இதில் பின்தங்கியவர்களில் 65 பேரைத் தேர்ந்தெடுத்துக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒலிப் பயிற்சி மட்டும். இன்னொரு குழுவுக்கு அதோடு பிளாஸ்டிக் எழுத்துகளும். வேறொரு குழுவுக்குப் பொருளை வைத்துச் சொற்களை வகைப்படுத்தும் பயிற்சி. ஒலியையும் எழுத்தையும் சேர்த்துக் கற்ற குழுதான் மிக அதிகம் முன்னேறியது. ஒலி பிடிபடாத குழந்தைக்கு எழுத்தை மட்டும் கொடுத்து எழுதச் சொல்வது பாதி வேலையைக்கூடச் செய்வதாகாது.

அவர்கள் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள், நம் பிள்ளைகளுக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். தமிழ்க் காது வெறுமையாகப் பள்ளிக்கு வருவதில்லை. கட்டம், பட்டம், வட்டம் என்ற எதுகையில் முதல் எழுத்து மாறுகிறது, மிச்சம் அப்படியே நிற்கிறது. ‘கேட்’, ‘பேட்’, ‘மேட்’ என்பதும் அதே வித்தைதான். புதிதாகப் பழக்க வேண்டியது சொல்லின் முடிவை. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால்தான் ‘புக்’ நம் வாயில் ‘புக்கு’ ஆகிறது. போதாததற்கு, ‘பேக்’ என்று தமிழில் எழுதினால் அது தோளில் மாட்டும் பையா, முதுகா என்று தெரியாது. ஆங்கிலத்தில் பையும் கொடியும் ஒரு ஜோடி. முதுகும் கறுப்பும் இன்னொரு ஜோடி. இந்த ஜோடிகளைக் காதால் பிரித்துப் பழகிய குழந்தைக்கு முடிவொலி தெளிவாகும்; உச்சரிப்பும் திருந்தும். தமிழிலிருந்து தொடங்கினால் ஆங்கிலம் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை.

இதற்குச் செலவும் கிடையாது. சிட்லபாக்கம், மாடம்பாக்கம், ஊரப்பாக்கம், குரோம்பேட்டை: இதில் சேராதது எது? நம் ஊர்ப் பெயர்களை வைத்தே அந்த ஆக்ஸ்ஃபோர்டு சோதனையை விளையாட்டாக நடத்தலாம். குழந்தை முடிவைக் கவனிக்கப் பழகியதும் ‘பென்’, ‘டென்’, ‘ஹென்’, ‘கப்’ என்று ஆங்கிலத்துக்கு நகரலாம். அது காதில் நிலைத்த பிறகு எழுத்தட்டைகளை எடுத்து, பின்னிரண்டு எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு முதல் எழுத்தை மட்டும் மாற்றிக் காட்டலாம். நோட்டு அதற்கு அடுத்துத்தான்.

ஆங்கிலத்தில் ஒலி ஒன்று, எழுத்து வேறு. பிள்ளைகள் குழம்ப மாட்டார்களா என்பது நியாயமான கேள்வி. ‘ஹோம்’, ‘கம்’ இரண்டும் ஒரே மூன்று எழுத்துகளில் முடிந்தும் ஒத்து ஒலிப்பதில்லை. கரடிக்கும் நாற்காலிக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் எழுத்தில் வேறாக இருந்தும் ஒத்து ஒலிக்கின்றன. கண்ணை மட்டும் நம்பிப் பட்டியல் எழுதும் பிள்ளைதான் இங்கே ஏமாறும். இதைவிடக் கனமான மறுப்பும் உண்டு. ஒத்த ஒலியை உணர்வதைவிட, சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிக்கும் திறனே தொடக்க வாசிப்பை நன்றாகக் கணிக்கிறது என்று மியூட்டர், ஹல்ம், ஸ்னோலிங் முதலியோர் 1990-களில் காட்டினார்கள். அதை ஏற்கத்தான் வேண்டும். ரைமிங்கோடு நின்றுவிட்டால் போதாது. ஆனால், ‘கேட்’ என்பதை ‘மேட்’ ஆக்கும் குழந்தை முதல் ஒலியைத் தனியே கழற்றி எடுத்துவிட்டது. பிரித்தறியும் பயிற்சிக்கு ஐந்து வயதில் இதைவிட எளிய வாசல் எது?

நோட்டு நிறைந்தால்தான் பாடம் நடந்ததாகப் பெற்றோர் நம்புகிறார்கள் என்று பள்ளிகள் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. கஷ்டப்பட்டு ஃபீஸ் கட்டுபவர்கள் கண்ணுக்குத் தெரியும் பலனை எதிர்பார்ப்பது இயல்பு. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவியிருப்பதால், ஆங்கிலம் புழங்காத வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது அந்த வழியில் படிக்கிறார்கள். இந்த முறையால் அதிகம் பயன்பெறப்போவது அவர்கள்தான். எதுகை விளையாட்டைத் தொடங்கிவைக்கப் பாட்டிக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனவே, பெற்றோர் கூட்டத்தில் உங்கள் மகள் எத்தனை பக்கம் எழுதினாள் என்று கேட்பதைவிட, நோட்டில் இல்லாத ஒரு சொல்லை அவளாகச் சேர்த்துச் சொல்கிறாளா என்று கேளுங்கள். பெற்றோர் கேட்கத் தொடங்கினால் பள்ளியும் சொல்லித்தரும் முறையை மாற்றிக்கொள்ளும்.