ஆடிக் காற்றும் அச்சகத்து ஈரமும்

சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். அச்சு வேலை சூடுபிடிப்பது அதற்குப் பிறகுதான். அதே நாட்களில்தான், மழையை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வறண்ட காற்று விருதுநகர் மாவட்டத்தின் மேல் வீசுகிறது. இந்த வறட்சியை நம்பி வளர்ந்த ஊர் இது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். குச்சியும் மருந்தும் காய இந்த வெயில் வாகாக இருந்தது. பின்னால் பட்டாசு வந்தது. இரண்டுக்கும் லேபிள் வேண்டியிருந்ததால் அச்சகங்களும் வந்தன. முதல் இரண்டு தொழிலுக்கும் ஒத்துவந்த காற்று மூன்றாவதற்கு ஒத்துவரவில்லை. அதனால் ஈரப்பதம் கூட்டும் பனிப்புகைக் கருவி நல்லதா கெட்டதா என்று ஊருக்கே பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்த அறைக்கு, எந்த வேலைக்கு, எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

காகிதம் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பியும் கொடுக்கும். ரீமைப் பிரித்து வறண்ட அறையில் வைத்தால் அடுக்கின் ஓரங்கள் முதலில் காய்ந்து சுருங்கும். நடுப்பகுதி அப்படியே இருக்கும். தாள் தட்டையாகப் படுக்காது. ஈரப்பதம் 10 சதவீதம் இறங்கினால் ஒரு மீட்டர் அகலத் தாள் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குக்கூடச் சுருங்கலாம். நாலு கலரையும் ஒரே ஓட்டத்தில் அடிக்கும் மெஷினில் இது அவ்வளவாகத் தெரியாது. இரண்டு கலர் மெஷினில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஓட்டினால், முருகனின் உதட்டுச் சிவப்பு உதட்டைத் தாண்டி நிற்கும். ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே போனால் நிலைமின்சாரமும் சேர்ந்துகொள்ளும். தாளோடு தாள் ஒட்டி, ஃபீடர் இரண்டிரண்டாக இழுக்கும். நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்கு இதே தொல்லை இருந்தது. அதைத் தீர்க்க 1902-ல் வில்லிஸ் கேரியர் வரைந்த திட்டத்திலிருந்துதான் இன்றைய ஏ.சி. பிறந்தது. மனிதர்களின் புழுக்கத்துக்காக அல்ல, காகிதத்துக்காக!

நனைத்த சாக்கைத் தொங்கவிடுவதும் தரையில் தண்ணீர் தெளிப்பதும் பழைய வைத்தியம். அதில் ஈரம் ஏறும், ஆனால் எங்கே நிற்கும் என்பது நம் கையில் இல்லை. பனிப்புகைக் கருவியின் அழுத்தக் காற்று முறையில், கார் டயரில் உள்ளதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு அழுத்தமுள்ள காற்று, நாசிலுக்குள் தண்ணீரைச் சிதறடித்து, 10 மைக்ரான் அளவுள்ள துளிகளாக்குகிறது. தலைமுடியின் தடிமனில் ஏழில் ஒரு பங்குதான் அது. தரையைத் தொடுமுன் ஆவியாகிவிடும். எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 20 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் உள்ள கூடம் என்று வைத்துக்கொள்வோம். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். அறைக்காற்று மணிக்கு 5 தடவை மாறுகிறது. உள்ளே 55 சதவீதம் வேண்டுமென்றால் மணிக்குச் சுமார் 17 லிட்டர் ஆவியாக வேண்டும். அந்த ஆவியாதலே வெப்பத்தை உறிஞ்சுவதால், மெஷின் சூட்டைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அறை 31 டிகிரிக்கு இறங்கும். காற்று 10 தடவை மாறினால் தண்ணீரும் இரட்டிப்பாகும். ஆகவே கருவிக்கு விலை கேட்குமுன் ஜன்னல் இடுக்குகளை அடைப்பதுதான் முதல் வேலை. பலர் இதைக் கடைசியில்தான் செய்கிறார்கள்.

பொருத்துவதிலும் சில கட்டாயங்கள் உண்டு. தாள் அடுக்குக்கும் மெஷினுக்கும் நேர் மேலே நாசில் வரக் கூடாது. உணர்கருவி பனிப்புகையின் பாதையிலோ வாசலருகிலோ இல்லாமல், தாள் இருக்கும் உயரத்தில் இருக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் அதுவே தண்ணீரை நிறுத்திவிடும். கடினமான போர்வெல் தண்ணீரை நேரே விட்டால் உப்பு வெள்ளைத் தூளாக மெஷின் மேல் படியும், நாசிலும் அடைக்கும், ஆர்.ஓ. தண்ணீர்தான் சரி. பண்டிகை லீவு என்றால் தொட்டியையும் குழாயையும் வடித்துவிட வேண்டும். தேங்கிய தண்ணீரில் வளரும் லெஜியோனெல்லா கிருமி, நுண்துளியோடு நுரையீரலுக்குள் போகும்.

கம்ப்ரசர் கரண்டைக் குடிக்குமே என்பார்கள். உண்மைதான். கொதிக்கவைத்து ஆவியாக்கினால் லிட்டருக்கு முக்கால் யூனிட் போகும். அதைவிட இது வெகு குறைவு. ஆனால் 70 பார் அழுத்த பம்ப்பில் தண்ணீரை மட்டும் தள்ளும் முறை இதைவிடவும் சிக்கனம். கம்ப்ரசர் ஏற்கெனவே உள்ள, அதில் மிச்சத் திறனும் உள்ள சிறிய அச்சகத்துக்கு அழுத்தக் காற்று பொருந்தும். 1936-ல் தொடங்கிய ராஜபாளையம் மில்ஸ் போன்ற நூற்பாலைகளின் பெருங்கூடங்களுக்குப் பெரிய பிளான்ட்தான் கட்டுப்படியாகும்.

கனமான ஆட்சேபம் வேறொன்று உண்டு. ஈரம் நிலைமின்சாரத்தைத் தணிக்கும் என்றால், ஒரு பொறியில் உயிர்கள் போகும் பட்டாசு அறையில் அல்லவா முதலில் இதை மாட்ட வேண்டும்? கேள்வி நியாயமானது, பதில், கூடாது என்பதே. அலுமினியப் பவுடர் ஈரத்தோடு சேர்ந்தால் வினைபுரிந்து சூடேறும், ஹைட்ரஜனும் வெளிவரும். நைட்ரேட்டும் கலந்திருந்தால் தானாகவே பற்றிக்கொள்ளலாம். மருந்து நீர்த்துப்போவதைக் கண்டு அங்கே பயப்படுவது இதனால்தான். கம்பி மத்தாப்பு மருந்தைத் தண்ணீரில் குழைத்துத்தானே தோய்க்கிறார்கள் என்றால், அது அளந்து குழைத்து, உடனே வெயிலில் காயவைப்பது. பவுடரின் மேல் மணிக்கணக்காகப் படியும் ஈரம் அல்ல. தவிர, ஆபத்தென்றால் ஓடுவதற்காக வாசல்கள் திறந்தே இருக்கும் அறை அது. மேலே போட்ட கணக்கின்படி பார்த்தால், அங்கே பனிப்புகை நிற்கவே நிற்காது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ 40 பேர் இறந்தார்கள். உதவ ஓடிவந்தவர்களும் அதில் உண்டு. அப்படிப்பட்ட விபத்துகளில் உராய்வும், அளவுக்கு மீறிய மருந்தும், ஆள் நெரிசலும்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கு நாசில் மருந்தாகாது. நிலைமின்சாரத்தை இறக்க வாசலில் எர்த் செய்த செம்புத் தகடும் பருத்தி உடுப்பும் இருக்கின்றன. மருந்தை அதிகாலையிலேயே கலந்து முடிக்கும் வழக்கமும் இருக்கிறது. வெயில் ஏறாத அந்த நேரத்தில் காற்றில் தானாகவே ஈரப்பதம் கூடுதலாக இருக்கும்.