கப்பற்போர் விளையாட்டும் நடுவர் தீர்ப்பும்

சதுரங்கம் என்னும் சொல் நாற்படையைக் குறிப்பது. யானை, குதிரை, தேர், காலாள் என்பன அதன் உறுப்புக்கள். நாம் ஆடும் சதுரங்கத்திற் கப்பலுக்கு இடமில்லை. கடற்போரை மேசைமேற் கொணர்ந்து பொழுதுபோக்காகப் பரப்பியவருள் முதன்மையானவர் பிரெட் யேன் என்னும் ஆங்கிலேயர். 1898இல் அவர் வெளியிட்ட ஆட்டத்தில், எதிரிக் கப்பலின் படத்தை ஊசி பொருத்திய சிறு மட்டையால் அடிப்பர். ஊசி துளைத்த இடமே குண்டு பட்ட இடம். ஊசி மட்டையின் நடுவில் அமையாதாதலின் குறிபார்த்தல் எளிதன்று. கவசத்தின் தடிப்பையும் பீரங்கியின் வலிமையையும் அறியாது இதனை ஆடவியலாது. எனவே எல்லா நாட்டுப் போர்க்கப்பல்களையும் விவரிக்கும் நூலொன்றையும் அவ்வாண்டே அவர் வெளியிட்டார். பிற்காலத்திற் கடற்படையினரே கைந்நூலாகக் கொண்ட அப்பெருந்தொகுதி, ஒரு விளையாட்டோடு இணைந்து தோன்றியது என்பதைப் பலர் அறியார்.

1930களில் நியூயோர்க் நகரில் எழுத்தாளர் பிளெச்சர் பிராட் சிறு மரக்கப்பல்களைத் தரையிற் பரப்பி ஆடும் முறையொன்றை வகுத்தார். சுடுவோர் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு எழுதிக் கொடுத்தல் வேண்டும். அளவுகோல் அதன் பின்னரே எடுக்கப்படும். கடலில் தலைவனுக்கு எல்லாம் தெரிவதில்லை. அவ்வறியாமையை ஆட்டத்துள் கொணர்தலே இக்கலையின் அரிய பகுதி.

இதனை நன்குணர்ந்தவர் கில்பேட் றொபேட்ஸ். காசநோயாற் கடற்படையினின்று விலக்கப்பட்ட இவர், 1942 சனவரியில் மீள அழைக்கப்பட்டு, இலிவர்ப்பூல் நகரிற் பயிற்சி நிலையமொன்றை நிறுவினார். கடற்படை மகளிர் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் அவருக்குத் துணைநின்றனர். கட்டங்கள் வரைந்த தரையே கடல். காவற்கப்பற் தலைவர்கள் திரைச்சீலைகளின் பின்னின்று சிறு துளை வழியே நோக்குவர். நீர்மூழ்கிக் கப்பலின் வழியோ அவர் கண்ணுக்குப் புலனாகாத பச்சை நிறத்தில் வரையப்படும். நீர்மூழ்கி வணிகக் கப்பலணிக்கு வெளியே நின்று தாக்குகின்றது என்ற கருத்து இத்தரையிலேயே பொய்த்தது. அணியின் உள்ளே புகுந்து தாக்கி, ஆழ அமிழ்ந்து, கப்பல்களைத் தன்மேற் செல்லவிட்டுத் தப்புகின்றது எனக் கண்டனர். அதற்கேற்பப் புதிய எதிர்முறை வகுக்கப்பட்டது. போர் முடியுமுன் ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் அங்கே பயின்றனர்.

யப்பானியரும் ஆடினர். 1942 மே மாதம் யமட்டோ என்னும் கப்பலில் மிட்வே படையெடுப்பை ஆடிப்பார்த்தபோது, அக்ககி, காகா என்னும் இரு விமானந்தாங்கிக் கப்பல்களும் ஒன்பது குண்டுகள் பட்டு மூழ்கின என நடுவர் தீர்த்தார். தளபதி உகாக்கி அவற்றை மூன்றாகக் குறைத்தார் எனப் பியூச்சிடாவும் ஒக்குமியாவும் எழுதிய நூல் கூறும். அதனால் அக்ககி பிழைத்தது; காகா மட்டும் மூழ்கியது. உயரப் பறந்து வீசும் குண்டுகள் ஓடுங்கப்பலில் அத்துணை எளிதிற் படா என்று அவர் கருதியிருப்பின், அதில் ஓரளவு நியாயமுண்டு. ஆனால் மூழ்கிய காகா, ஆட்டத்தின் அடுத்த பகுதியில் மீண்டும் மிதந்ததற்கு யாது நியாயம்?

யூன் 4ஆம் நாள் அமெரிக்க விமானங்கள் அவ்விரு கப்பல்களையும் தாக்கின. காகா அன்று மாலையே அமிழ்ந்தது. அக்ககி மறுநாட் காலை.