சுறாவைவிடக் கொடியது உப்பு

நடுக்கடலில் சிக்கியவர்களைப் பற்றிய திகில் படங்களில் சுறா தப்பாமல் வந்துவிடும். பின்னாலேயே புயலும் வரும். உண்மையில் படகில் தவிப்பவரின் உயிரைத் தீர்மானிப்பவை காற்றும் உப்பும்தான். அவற்றைப் படமாக்குவது கடினம். ஆனால் திருகோணமலைக் கடலைப் பற்றிப் பேச அவை இல்லாமல் முடியாது.

2024 டிசம்பர் 19ஆம் திகதி முள்ளிவாய்க்கால் கடலில் ஒரு படகு தென்பட்டது. மியன்மாரின் ரோஹிங்கிய மக்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் அதில் இருந்தார்கள், குழந்தைகளும்தான். கரையோர மக்கள் சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தார்கள். மறுநாள் கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. 2022 டிசம்பரிலும் வெற்றிலைக்கேணிக்கு அப்பால் இதேபோல் ரோஹிங்கியர் படகொன்று மீட்கப்பட்டது.

இரண்டும் டிசம்பரில் நடந்தது தற்செயல் இல்லை. வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசும் காலம் அது. வங்காள விரிகுடாவின் மேற்குக் கரையோர நீரோட்டமும் அப்போது தெற்கே ஓடும். இயந்திரம் நின்ற படகைக் காற்று தன் வேகத்தில் சில வீதம் தள்ளிக்கொண்டு போகும். 15 நொட் காற்றில் நான்கு வீதம் என்று வைத்தாலே ஒரு நாளைக்கு 14 கடல் மைல். நீரோட்டம் தனிக் கணக்கு. தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் காலத்தில் எல்லாம் தலைகீழ். நம் கரையில் பழுதான வள்ளம் கிழக்கே, விரிகுடாவின் நடுவுக்குப் போய்விடும்.

அடுத்தது உப்பு. ஒரு லீற்றர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு செறிவில் சிறுநீரை வெளியேற்ற முடியாது. குடித்த உப்பைக் கழுவித் தள்ள, குடித்ததைவிடக் கூடுதலான நீரை உடல் தன் சேமிப்பிலிருந்து செலவழிக்கிறது. இரத்தத்தில் சோடியம் ஏற, மூளைக் கலங்கள் நீரிழந்து சுருங்கும். இல்லாத கரை கண்ணுக்குத் தெரியும். சிலர் இறங்கி நடக்கவும் பார்ப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் மூழ்கிய கப்பல்களின் 163 உயிர்காப்புப் படகுப் பயணங்களை ஆராய்ந்தபோது, கடல்நீர் குடித்தவர்களில் 39 வீதத்தினர் இறந்திருந்தார்கள். குடிக்காதவர்களில் 3 வீதம்தான். மழைக்காலத்து விரிகுடா ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் குடிக்கும் அளவுக்குக் குறைவதில்லை.

ஆங் லீயின் ‘லைஃப் ஆஃப் பை’ படத்தில் புதுச்சேரிப் பையன் நடுக்கடலில் படும் பாடு நம்பும்படி இருந்ததற்கு ஸ்டீவன் கலஹன் ஒரு காரணம். 1982இல் அட்லாண்டிக்கில் தெப்பமொன்றில் 76 நாள் தனியாக மிதந்து பிழைத்தவர் அவர். படத்துக்கு ஆலோசனை சொன்னார். கடல்நீரை வெயிலில் ஆவியாக்கிக் குளிரவைக்கும் சிறு சாதனங்கள்தான் அவரைக் காத்தன. அவற்றில் நாளுக்குக் கிடைத்தது சுமார் அரை லீற்றர். மீன் கிடைத்தாலும் தண்ணீர் இல்லாமல் தின்னக்கூடாது. புரதக் கழிவை வெளியேற்றவும் நீர் வேண்டும்.

எல்லாருக்கும் அவ்வளவு நாள் காத்திருக்க நேர்வதில்லை. 1942 ஏப்ரல் 8 இரவு திருகோணமலையை விட்டுப் புறப்பட்ட பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹேர்மஸ்’, மறுநாள் மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் குண்டுவீச்சில் மூழ்கியது. 307 பேர் இறந்தனர். நீரில் கிடந்த ஏறத்தாழ 600 பேரை வைத்தியசாலைக் கப்பல் ‘வீட்டா’ ஏற்றிக்கொண்டது. கடல் வெதுவெதுப்பாக இருந்தது, கப்பல் அருகில் இருந்தது. இந்த இரண்டில் ஒன்று பிசகியிருந்தாலும் இறந்தவர் தொகை வேறாகியிருக்கும்.

மீட்க வருபவர்களின் கண்ணில் படுவதுதான் பெரும் சிக்கல். நீர்மட்டத்துக்கு ஒரு மீற்றர் மேலே கண் இருந்தால் மூன்றரைக் கிலோமீற்றருடன் அடிவானம் முடிந்துவிடும். அலைகளுக்கிடையே ஒரு தலை சில நூறு மீற்றருக்கு அப்பால் தெரிவதே அரிது. ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி அடித்தால் பல கிலோமீற்றர் தாண்டியும் மின்னும். ஆகவே வள்ளத்தில் போகும் தம்பிமாரே, ஒரு கலன் தண்ணீர், ஒரு செம்மஞ்சள் துணி, ஒரு கண்ணாடி மேலதிகமாக எடுத்துப் போங்கள். இயந்திரம் நின்றால் அணியத்திலிருந்து கயிற்றில் ஒரு வாளியைக் கட்டி இறக்குங்கள். அது நீரைப் பிடித்து இழுக்கும். வள்ளம் அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், அள்ளுண்டு போகும் தூரம் குறையும், தேடி வருபவர்கள் சுற்றவேண்டிய கடலும் சுருங்கும்.